சிறந்தவை மட்டும் போதுமா?

இந்தத் தொடரில் இதுவரை நூல்களைப் பற்றியும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியுமே பேசி வந்தேன். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது இசைத்தட்டுகளை. இலக்கியத் தொடரில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஓர் எழுத்தாளரின் தெரிந்தெடுத்த கதைகளை வாசித்தால் போதுமா, முழுத் தொகுப்பையும் வாசிக்க வேண்டுமா என்ற கேள்வி நமக்குப் பழக்கமானது. அதே கேள்வியை ஓர் இசைக் கலைஞரின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராயலாம் என்பது என் எண்ணம். வானொலியில் பேசியபோது இடையிடையே சில இசைத்தட்டுகளை ஒலிக்கவிட முடிந்தது. பத்திரிகையில் அந்த வசதி இல்லை. ஆகவே, கேட்டதைச் சொற்களால் சொல்ல முயன்றிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங். கரகரத்த குரலில் பாடும், வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும் முதியவராகவே அவரைப் பலர் அறிவர். அது அவரது பிற்கால உருவம். இங்கே நான் பேசப்போவது இருபது வயதை அப்போதுதான் கடந்திருந்த ஆம்ஸ்ட்ரோங்கைப் பற்றியாகும்.

யார் இந்த இளைஞர்?

ஆம்ஸ்ட்ரோங் 1901 ஓகஸ்ட் 4ஆம் திகதி அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தாம் பிறந்தது 1900 ஜூலை 4ஆம் திகதி என்றே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் மறைந்த பின்னர், 1980களில் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு கண்டெடுக்கப்பட்டபோதுதான் சரியான திகதி தெரியவந்தது. வறுமை மிக்க கறுப்பினக் குடும்பம். புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 1913இல் சிறுவர் சீர்திருத்த இல்லம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். கோர்னெட் வாத்தியத்தை முறையாகப் பழகியது அங்கேதான். கோர்னெட் என்பது ட்றம்பெட்டின் தம்பி எனத்தக்க சற்றுக் குட்டையான பித்தளை வாத்தியம். 1920களின் நடுப்பகுதியில் அவர் அதை விட்டு ட்றம்பெட்டுக்கு மாறினார்.

அவருடைய குரு என்று சொல்லத்தக்கவர் ஜோ ஒலிவர். "கிங் ஒலிவர்" என்று அழைக்கப்பட்ட இவர் நியூ ஓர்லியன்ஸிலிருந்து சிக்காகோ சென்று பெயர்பெற்றவர். 1922இல் தம்முடைய குழுவில் இரண்டாவது கோர்னெட் வாசிக்க வருமாறு ஆம்ஸ்ட்ரோங்கைச் சிக்காகோவுக்கு அழைத்தார். 1923 ஏப்ரல் 5, 6ஆம் திகதிகளில் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலுள்ள ஜெனெட் கம்பனியின் கூடத்தில் அந்தக் குழு முதன்முதலாக இசைத்தட்டுக்கு வாசித்தது. ஆம்ஸ்ட்ரோங்கின் ஒலிப்பதிவு வாழ்வு அங்கே ஆரம்பமாகிறது.

நான் வாங்கிய "முழுத் தொகுப்பு"

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆம்ஸ்ட்ரோங்கின் ஆரம்பகாலப் பதிவுகளின் "முழுத் தொகுப்பு" என அட்டையில் அச்சிடப்பட்டிருந்த ஓர் இறுவட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது இருபது பாடல்களே இருந்தன. எப்போது பதிவு செய்யப்பட்டவை, யார் யார் வாசித்தார்கள் என்ற விபரம் எதுவும் இல்லை. ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஏமாற்றம்தான் "முழுமை என்றால் என்ன?" என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது.

ஆம்ஸ்ட்ரோங்கைப் பொறுத்தவரை முழுமையை மூன்று வட்டங்களாகப் பார்க்கலாம். முதலாவது வட்டம், அவருடைய சொந்தப் பெயரில் வெளியானவை. 1925 நவம்பர் 12ஆம் திகதி சிக்காகோவில் ஓக்கே கம்பனிக்காக அவர் தம் "ஹொட் ஃபைவ்" குழுவுடன் வாசிக்கத் தொடங்கினார். கிட் ஓரி ட்றொம்போன், ஜொனி டொட்ஸ் கிளாரினெட், ஜொனி சென்ற் சிர் பான்ஜோ, ஆம்ஸ்ட்ரோங்கின் அப்போதைய மனைவி லில் ஹார்டின் பியானோ. 1927 மே மாதத்தில் இக்குழு எழுவராகி "ஹொட் செவன்" எனப் பெயர்பெற்றது. 1928இல் பியானோவில் ஏர்ள் ஹைன்ஸ் வந்து சேர்ந்தார். இந்த மூன்று ஆண்டுப் பதிவுகளே ஜாஸ் இசையின் அடித்தளம் என்று விமர்சகர்கள் பலரும் ஒப்புக்கொள்கின்றனர்.

இரண்டாவது வட்டம், மற்றவர்களுக்காக அவர் வாசித்தவை. ஒலிவர் குழுவின் பதிவுகள். 1924, 25ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கில் பிளெச்சர் ஹென்டர்சன் குழுவுடன் வாசித்தவை. மா ரெய்னி, பெஸி ஸ்மித் போன்ற புளூஸ் பாடகிகளுக்குப் பின்னணியாக வாசித்தவை ஆகியன இதில் அடங்கும். சிலவற்றில் அவருடைய பெயரே இராது. 1930 ஜூலையில் கிராமிய இசைப் பாடகர் ஜிம்மி ரொஜர்ஸ் பாடிய ஒரு பாட்டுக்கு ஆம்ஸ்ட்ரோங் ட்றம்பெட்டும் லில் பியானோவும் வாசித்தனர். இருவர் பெயரும் தட்டில் இல்லை. 1926 மே மாதத்தில் ஹொட் ஃபைவ் குழுவே வேறொரு பெயரில் போட்டிக் கம்பனி ஒன்றுக்கு வாசித்துக் கொடுத்தது. ஓக்கே கம்பனியின் அதிகாரி அந்தத் தட்டைப் போட்டுக் காட்டி "இது யார்?" என்று கேட்டாராம். யாரென்று தெரியாது, ஆனால் இனி இப்படி நடக்காது என ஆம்ஸ்ட்ரோங் பதிலளித்ததாக ஒரு கதை வழங்குகிறது.

மூன்றாவது வட்டம் மாற்றுப் பதிவுகள். ஒரே பாட்டை இரண்டு, மூன்று தடவை வாசித்துப் பதிந்து, அவற்றில் ஒன்றைக் கம்பனி வெளியிடும். சில சமயம் தவறுதலாகவோ, தேவை கருதியோ மற்றதும் வெளியாகிவிடும். தட்டின் நடுவிலுள்ள காகிதச் சீட்டுக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும் சிறிய இலக்கத்தையும் எழுத்தையும் பார்த்தே எது எதுவெனக் கண்டுகொள்ள வேண்டும். நம் ஏட்டுச்சுவடிகளின் பாடபேதம் போன்றதே இது. ஒலிவர் குழு 1923இன் இறுதியில் பரமவுண்ட் கம்பனிக்காக வாசித்த சில பாட்டுகளுக்கு இவ்வாறு இரண்டு பதிவுகள் கிடைக்கின்றன.

எந்த வட்டத்தை "முழுமை" என்று தொகுப்பாளர் கருதுகிறார் என்பதை அறியாமல் ஒரு பெட்டியை வாங்கக் கூடாது. பிரான்சில் 1989 முதல் வெளியான "கிளாசிக்ஸ்" வரிசை, பதிவுகளைக் கால ஒழுங்கில் தந்தது. ஆனால் மாற்றுப் பதிவுகளை விட்டுவிட்டது. 1999இல் ஜே.எஸ்.பி. நிறுவனம் இங்கிலாந்தில் வெளியிட்ட நான்கு இறுவட்டுப் பெட்டியும், 2000ஆம் ஆண்டில் கொலம்பியா வெளியிட்ட நான்கு இறுவட்டுப் பெட்டியும் ஹொட் ஃபைவ், ஹொட் செவன் பதிவுகளை மையமாகக் கொண்டவை. இவற்றில் எதை வாங்கினாலும் 1923ஆம் ஆண்டு ஒலிவர் பதிவுகளுக்கு வேறு தொகுப்பைத் தேட வேண்டும்.

தட்டுகள் எங்கே போயின?

இத்தனை சிரமம் எதற்கு, கம்பனிகளிடம் மூலப்பதிவு இருக்குமே என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் சோகம் இருக்கிறது.

1923இல் ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வரவில்லை. கலைஞர்கள் ஒரு பெரிய புனல் வடிவக் குழாயின் முன் நின்று வாசித்தனர். ஒலி அந்தக் குழாய் வழியே சென்று ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அந்தத் தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் வரி கீறும். பலமாக ஒலிக்கும் வாத்தியம் தள்ளி நிற்க வேண்டும். ஆம்ஸ்ட்ரோங்கின் தொனி மிக வலிமையாக இருந்ததால் அவரை மற்றவர்களுக்குப் பல அடிகள் பின்னால் நிறுத்தினார்கள். ஜெனெட் கூடமோ ரயில் பாதைக்கு அருகில் இருந்தது. ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டியதுதான்.

மெழுகுத் தட்டின் மீது உலோகப் பூச்சு ஏற்றி உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சைக் கொண்டு அரக்குத் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். (இந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து சென்றது.) விற்பனை ஓய்ந்ததும் உலோக அச்சுகள் பல பழைய உலோகமாக விற்கப்பட்டன. ஆகவே, மூலம் என்று எஞ்சியவை பொதுமக்கள் வாங்கிய தட்டுகளே.

அந்தப் பொதுமக்கள் யார் என்பதும் முக்கியம். 1920இல் மேமி ஸ்மித் என்ற பாடகியின் தட்டு பெரும் விற்பனை கண்டபின், கறுப்பின மக்களுக்கு விற்கவென்றே தனி வரிசைகளைக் கம்பனிகள் ஆரம்பித்தன. "இனத் தட்டுகள்" என்று அவற்றுக்குப் பெயர். ஹொட் ஃபைவ் பதிவுகளும் அவ்வரிசையிலேயே வெளியாயின. வாங்கியோர் தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர், ஏழை விவசாயிகள். நூலகங்களோ பல்கலைக்கழகங்களோ அவற்றைச் சேகரிக்கவில்லை. வாங்கியவர்கள் தடித்த உருக்கு ஊசியில் தேயத் தேயப் போட்டுக் கேட்டார்கள். 1942இல் போரினால் அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பழைய தட்டுகள் சேகரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டுப் புதிய தட்டுகளாயின. எவ்வளவு இசை அப்படி அழிந்ததோ!

மிஞ்சியவற்றைத் தேடி 1930களிலிருந்து சில இளைஞர்கள் புறப்பட்டார்கள். பழைய சாமான் கடைகளில் தேடினார்கள். தென் மாநிலங்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய தட்டு இருக்கிறதா என விசாரித்தார்கள். ஒலிவர் குழுவின் 1923ஆம் ஆண்டுத் தட்டொன்று, ஜெனெட் 5275ஆம் இலக்கம், ஒரே ஒரு பிரதியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் இரண்டு பாட்டுகள். யாரோ ஒருவர் வீடு மாறும்போது அந்தத் தட்டைக் கைதவறிப் போட்டிருந்தால், அந்த இரண்டு பாட்டுகளும் வெறும் பெயராக மட்டுமே பட்டியலில் இருந்திருக்கும்.

பதிப்பாசிரியர்கள்

இசைத்தட்டு மறுவெளியீடு ஒரு பதிப்புப் பணி என்பதை நான் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன். நியூயோர்க்கில் "கொமடோர்" என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ட் கேப்ளர், 1930களின் நடுப்பகுதியில் பழைய ஜாஸ் தட்டுகளை மறுபடியும் அச்சிட ஏற்பாடு செய்தார். வாசித்த கலைஞர்கள் எல்லோருடைய பெயரையும் சீட்டில் அச்சிட்டதும் அவர் செய்த நல்ல காரியம். 1936இல் பாரிஸில் சார்ல்ஸ் டெலோனே என்பவர் ஜாஸ் ஒலிப்பதிவுகளின் விபரப் பட்டியலை நூலாக வெளியிட்டார். 1940இல் யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜோர்ஜ் அவாகியன், கொலம்பியாவின் அழைப்பின்பேரில் பழைய பதிவுகளைத் தொகுக்கச் சென்றார். அங்கே பிரிட்ஜ்போர்ட் தொழிற்சாலையில், அதுவரை வெளிவராதிருந்த ஆம்ஸ்ட்ரோங் பதிவுகளைக் கண்டெடுத்தார். பின்னர் 1951இல் அவர் நான்கு நீண்டநேர இசைத்தட்டுகளாகத் தொகுத்த "லூயி ஆம்ஸ்ட்ரோங் கதை" பலருக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தியது. அது தெரிந்தெடுத்த தொகுப்பே. ஆனாலும் தெரிந்தெடுத்தவர் ரசனையும் அறிவும் உடையவராக இருந்தார்.

என் மதிப்புக்கு மிகவும் உரியவர் ஜோன் ஆர்.ரீ. டேவிஸ் என்ற ஆங்கிலேயர். 1927இல் பிறந்து 2004இல் மறைந்தவர். தாமும் ஓர் இசைக் கலைஞர். கணினி வருவதற்கு முன்பே பழைய தட்டுகளை ஒலிநாடாவுக்கு மாற்றி, ஒவ்வொரு "டிக்" சத்தமும் எங்கே விழுகிறது எனக் கண்டுபிடித்து, நாடாவின் மீதுள்ள பூச்சைச் சவர அலகால் சிறிதளவு சுரண்டி அந்தச் சத்தத்தை நீக்குவார். இசையைத் தொடாமல் சத்தத்தை மட்டும் எடுப்பதே அவருடைய இலட்சியம். மேற்சொன்ன ஜே.எஸ்.பி. பெட்டி அவருடைய கைவண்ணமே.

இதில் ஒரு நுட்பமான பிரச்சினை வேகம். "78" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அந்நாளைய மெழுகுத் தட்டுகள் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றுகள் என்ற கணக்கில் சுழலவில்லை. சற்றுக் கூடும், சற்றுக் குறையும். 78இல் போட வேண்டியதை ஏறக்குறைய 82½இல் போட்டால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும், தாளமும் விரைவுபடும். பித்தளை வாத்தியக்காரர்கள் வழக்கமாக எந்தச் சுருதிகளில் வாசிப்பார்கள் என்ற அறிவைக் கொண்டே சரியான வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். என்னிடமுள்ள இரு வேறு மறுவெளியீடுகளில் ஒரே பதிவு சற்று வேறுபட்ட சுருதியில் ஒலிக்கிறது. எது ஆம்ஸ்ட்ரோங் உண்மையில் வாசித்தது? இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட பிறகுதான் எந்த மறுவெளியீடும் யாரோ ஒருவருடைய தீர்ப்பு என்பது எனக்கு விளங்கியது.

மற்றொன்று இரைச்சல். தேய்ந்த தட்டின் "சர்" என்ற ஒலியை முற்றாக நீக்கினால் கேட்க இனிமையாக இருக்கும் என்று நானும் ஆரம்பத்தில் எண்ணினேன். ஆனால் இரைச்சலோடு சேர்ந்து கோர்னெட்டின் கூர்மையும், கூடத்தின் காற்றும் போய்விடுகின்றன. ஒலிவர் குழுவின் பதிவுகளை 2006இல் டேவிட் சேகர், டக் பென்சன் ஆகிய இருவரும் புதிதாகத் தட்டுகளிலிருந்து எடுத்து, இரண்டு இறுவட்டுகளில் 37 பக்கங்களையும் வெளியிட்டார்கள். அதில் இரைச்சல் இருக்கிறது. ஆனால் இரண்டு கோர்னெட்டுகளையும் தனித்தனியே பிரித்தறியக் கூடியதாக இருந்தது எனக்கு அதில்தான். குருவும் சீடனும் அருகருகே வாசிப்பது முதன்முறையாகக் காதில் விழுந்தது.

முழுவதும் கேட்டதால் என்ன பயன்?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். சிறந்தவை மட்டும் போதாதா?

ஆம்ஸ்ட்ரோங்கின் எந்தத் தெரிவிலும் இடம்பெறுவது "வெஸ்ட் என்ட் புளூஸ்". 1928 ஜூன் 28ஆம் திகதி பதியப்பட்டது. வேறெந்த வாத்தியமும் துணையில்லாமல் ட்றம்பெட் மட்டும் சுமார் பன்னிரண்டு விநாடிகள் ஒலிக்கிறது. நான்கு சுரங்கள் அழுத்தமாக எழுந்து, பின்னர் ஓர் அருவி போல இறங்கி, மீண்டும் ஏறுகின்றன. தெரிவுத் தொகுப்பில் இதைக் கேட்பவருக்கு இது வானத்திலிருந்து விழுந்த அதிசயமாகத் தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது.

முழுத் தொகுப்புகளைக் கால ஒழுங்கில் கேட்டபோது வேறொரு வரலாறு தெரிந்தது. 1924 நவம்பரில் நியூயோர்க்கில் மார்கரெட் ஜோன்சன் என்ற பாடகிக்கு அவர் பின்னணி வாசித்திருக்கிறார். இன்று பெரும்பாலோர் கேட்காத ஒரு தட்டு. அதன் நடுவே பாடகி நிறுத்தும் ஓர் இடைவெளியில், "வெஸ்ட் என்ட் புளூஸ்" தொடக்கத்தின் வித்து ஒரு கணம் தலைகாட்டுகிறது. ஆக, அந்த "அதிசயம்" மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"கோர்னெட் சொப் சுயி" என்பது இன்னோர் உதாரணம். 1926 பெப்ரவரியில் பதியப்பட்டது. கேட்கும்போது அந்தக் கணத்தில் பிறந்த மனோதர்மம் என்றே தோன்றும். ஆனால் 1924 ஜனவரியிலேயே அதை அவர் தம் கையால் இசைக்குறிப்பாக எழுதிப் பதிப்புரிமைக்காக அனுப்பியிருந்தார். அந்தத் தாள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. ஜாஸ் என்றால் எல்லாம் உடனுக்குடன் கற்பனை செய்வது என்ற நம் எண்ணத்தை இது திருத்துகிறது. ஒலிவரும் அவ்வாறே. "டிப்பர் மவுத் புளூஸ்" என்ற பாட்டை 1923 ஏப்ரலில் ஒரு கம்பனிக்கும் ஜூனில் இன்னொரு கம்பனிக்கும் பதிவு செய்தார். புகழ்பெற்ற அவரது தனி வாசிப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். செதுக்கிச் செதுக்கி முடித்த சிற்பத்தைத் தேவையின்றி மாற்ற அவர் விரும்பவில்லை.

1923இல் ஒலிவர் குழு வாசித்த "வெதர் பேர்ட் ராக்" ஆம்ஸ்ட்ரோங் இயற்றியது. அதில் ஏழு பேரும் கூடி வாசிக்கிறார்கள். ஆம்ஸ்ட்ரோங் குழுவுக்குள் ஒருவர். 1928 டிசம்பரில் அதே பாட்டை அவரும் ஏர்ள் ஹைன்ஸும் இருவராக மட்டும் வாசித்தார்கள். ஒருவர் பொறி வைக்க, மற்றவர் தப்பித்து, இருவரும் சிரித்துக்கொள்வது போன்ற வாசிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஐந்தே ஆண்டுகளில் ஒரு கலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது விளங்கும். தெரிவுத் தொகுப்புகளில் பின்னதுதான் இருக்கும். முன்னது பெரும்பாலும் இராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முழுத் தொகுப்பில் சாதாரணமான பாட்டுகள் உண்டு. நகைச்சுவை என்று செய்த சலிப்பூட்டும் பேச்சுகள் உண்டு. தடுமாறிய முடிவுகள் உண்டு. ஓர் இறுவட்டை ஒரே இருப்பில் கேட்டு முடிக்க முயன்று நான் களைத்துப்போனதுண்டு. இத்தட்டுகள் ஏறக்குறைய மூன்று நிமிடம் கொண்டவை. வாங்கியவர்கள் ஒரு பக்கத்தைப் போட்டு, எழுந்து சென்று மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள். நானும் அப்படியே ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு என்று வைத்துக்கொண்டேன். பல மாதங்கள் எடுத்தன. ஆனால் அந்த மாதங்களில்தான் அவர் எனக்கு நெருக்கமானார்.

பெட்டிகளை வாங்கி அடுக்குவது வேறு, கேட்பது வேறு. என் அலுமாரியில் சில பெட்டிகள் நெடுநாள் உறை பிரிக்காமலே இருந்தன என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நூல்களைச் சேர்ப்போருக்கும் இந்நோய் உண்டு.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. 1923ஆம் ஆண்டுப் பதிவுகள் அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பொதுவுடைமையாகிவிட்டன. இணையத்தில் நூறு இடங்களில் இவற்றைச் செலவின்றிக் கேட்கலாம். மகிழ்ச்சியே. ஆயினும் திகதியின்றி, வாசித்தவர் பெயரின்றி, எந்தத் தட்டிலிருந்து யார் எடுத்தது என்ற விபரமின்றி அவை சிதறிக் கிடக்கின்றன. நான் முதலில் வாங்கிய இருபது பாட்டு இறுவட்டின் நிலைதான் அது. ஏடு கிடைத்துவிட்டது, பதிப்பு இல்லை. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு நல்ல தெரிவுத் தொகுப்பைக் கேளுங்கள். மனம் பற்றிக்கொண்டால், விபரக் குறிப்புகள் உள்ள ஒரு முழுத் தொகுப்பைத் தேடுங்கள். பிறகு 1923இலிருந்து தொடங்கி, அவசரப்படாமல் முன்னோக்கி வாருங்கள்.

குருவும் சீடனும்

"வெஸ்ட் என்ட் புளூஸ்" பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அந்தப் பாட்டை இயற்றியவர் கிங் ஒலிவர். 1928 ஜூன் 11ஆம் திகதி அவரே தம் குழுவுடன் அதைப் பதிவு செய்தார். பதினேழு நாட்களின் பின்னர் சீடன் பதிவு செய்த வாசிப்பு குருவின் வாசிப்பை மறைத்துவிட்டது. 1929 ஜனவரியில் ஒலிவர் மறுபடியும் அதைப் பதிவு செய்தார். இம்முறை அவருடைய குழுவில் லூயி மெட்காஃப் என்ற ட்றம்பெட் கலைஞர், ஆம்ஸ்ட்ரோங் வாசித்த தொடக்கத்தை அப்படியே திருப்பி வாசித்தார். பாட்டை இயற்றிய குரு, தம் பாட்டிலேயே சீடனின் பிரதியை வைக்க வேண்டியதாயிற்று. ஈறு நோயினால் ஒலிவரின் வாசிப்புத் திறன் அப்போது குன்றிக்கொண்டிருந்தது. இந்த மூன்று பதிவுகளையும் வரிசையாகக் கேட்ட அன்று இரவு நான் வேறெதையும் கேட்கவில்லை.

1937இல் ஜோர்ஜியா மாநிலத்து சவானா நகருக்குச் சென்ற ஆம்ஸ்ட்ரோங், தம் குருவைத் தெருவோரத்தில் காய்கறி விற்பவராகக் கண்டார். கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒலிவர் அந்த நகரிலேயே காலமானார். அவருடைய வாழ்வில் நமக்கு எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களும் சில கடிதங்களும் இந்தத் தட்டுகளுமே. அவற்றையும் யாரோ முகம் தெரியாதவர்கள் உடையாமல் காத்துத் தந்தார்கள்.

ஆம்ஸ்ட்ரோங் 1971 ஜூலை 6ஆம் திகதி நியூயோர்க்கின் கொரோனா பகுதியிலிருந்த தமது வீட்டில் மறைந்தார். அந்த வீடு 2003 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே 650க்கும் மேற்பட்ட ஒலிநாடாச் சுருள்கள் இருந்தன. 1950ஆம் ஆண்டளவிலிருந்து அவர் தம் இசைத்தட்டுகளை நாடாவில் பதிந்து, இலக்கமிட்டு, உள்ளடக்கத்தைத் தம் கையால் எழுதி, பெட்டிகளின் மீது படங்களை வெட்டி ஒட்டி அலங்கரித்து அடுக்கி வைத்திருந்தார். தமது இசையை மட்டுமல்ல, பிறருடைய இசையையும், நண்பர்களின் பேச்சையும் அதில் சேர்த்திருந்தார். சில நாடாக்களில் பழைய தட்டொன்றை ஓடவிட்டு, வீட்டிலிருந்தபடியே அதனோடு சேர்ந்து தாமும் ட்றம்பெட் வாசிக்கிறார். 1977இல் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட வொயேஜர் கலங்களிலுள்ள தங்கத் தட்டில் ஹொட் செவன் குழுவின் ஒரு பாட்டு இடம்பெற்றது பெருமைக்குரியதுதான். ஆனால் என் மனதில் நிற்பது, உலகப் புகழ்பெற்ற ஒரு மனிதர் இரவில் தனியே அமர்ந்து தட்டுகளை அடுக்கி, பட்டியலிட்டு, கூட வாசித்துக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியே. முழுத் தொகுப்பைச் சேர்ப்பவர்களில் முதல்வர் அவர்தாம். அவர் சேர்த்ததோடு நில்லாமல் கேட்டுக்கொண்டும் இருந்தார்.